பெயர் சொல்லாமல் நாடற்றவராக்கிய சட்டம்: கோடக்கன் பிள்ளை வழக்கும் அதன் பின்விளைவுகளும்

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் உள்ள ருவன்வெல்ல தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை என்ற இந்திய வம்சாவளித் தமிழர் விண்ணப்பித்தார். அவர் இலங்கைப் பிரஜை அல்ல என்று சொல்லிப் பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்துவிட்டார். பிள்ளை மேன்முறையீடு செய்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரம் அதை ஏற்று, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்ற தேர்தல் சட்டத் திருத்தமே செல்லாது என்று முடிவு சொன்னார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அமர்ந்த ஓர் அதிகாரி நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாதென்று சொன்னால் அரசு சும்மா இருக்குமா? விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1951இல் அது அந்த முடிவை ரத்துச் செய்தது. அங்கிருந்து, அன்று இலங்கை வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அங்கும் கோடக்கன் பிள்ளை தோற்றார்.

ஒரு மனிதரின் பெயர் ஒரு பட்டியலில் இடம்பெற வேண்டுமா என்பதுதான் வழக்கு. ஆனால் அதன் தீர்ப்பு மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த ஏழெட்டு லட்சம் பேரின் தலைவிதியோடு பிணைந்திருந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் 7,80,589 பேர். மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு.

புலம்பெயர்ந்த உழைப்பாளிகளைச் சட்டம் எப்படித் தண்டிக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த வழக்கைத்தான். இந்தச் சட்டங்களில் எங்கும் 'தோட்டத் தொழிலாளிக்குக் குடியுரிமை இல்லை' என்று எழுதப்படவில்லை. ஆவணம் காட்டு என்று மட்டும் கேட்கப்பட்டது. யாரிடம் ஆவணம் இருக்காது என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வந்தவர்களும் வரவழைத்தவர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய வருகை அது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியாக நடந்தவர்களில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். 1869இல் இலைத் துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது கோப்பியை அழிக்க, மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். தோட்ட நிர்வாகிகளான துரைமார் அவர்களுக்கு லயன்கள் என்ற வரிசை அறைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

தொழிலாளி எங்கிருந்து வந்தார், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்ற கணக்கு நிர்வாகத்திடம் கச்சிதமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 'டின் டிக்கெட்' முறையில், துளையிட்ட ஒரு சிறிய தகடு தொழிலாளியின் கழுத்தில் தொங்கும். அதில் மாவட்டக் குறியீடும், தோட்டத்தின் எண்ணும், தொழிலாளியின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து, அந்தத் தகட்டைப் பார்த்து ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, செலவை யார் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்தார்கள். இதற்கு முன்பும் துண்டு முறை இருந்தது. பழைய கடன் தீர்ந்தது என்று துரை கையெழுத்திட்ட துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. ஆக, இந்த மக்களுக்குக் காகிதம் புதிதல்ல. அந்தக் காகிதங்கள் அவர்கள் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்பதைச் சொல்லின. அவர்களின் பாட்டன் எங்கே பிறந்தான் என்பதைச் சொல்லவில்லை.

மூன்று சட்டங்கள்

1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏழு பேர் இலங்கை நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களில் ஒருவர். அவர்கள் நிற்காத பல தொகுதிகளிலும் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களின் பக்கம் விழுந்தன. ருவன்வெல்லவின் உறுப்பினரே லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம். பெரேராதான். பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் அரசு அமைந்த அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நவம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த வரிசை தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் கேட்டது என்ன? இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்குத் தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. தேயிலை என்னும் ஏற்றுமதியே அவர்கள் விரல்களில்தான் நின்றது. பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்க அந்தப் பெண்ணால் முடியாது.

இன்னொரு வழியும் இருந்தது: பொதுவாழ்வில் சிறப்பான சேவை செய்தவர்களை அமைச்சர் பிரஜையாகப் பதிவு செய்யலாம், ஆண்டுக்கு 25 பேருக்கு மிகாமல். ஏழே முக்கால் லட்சம் பேருக்கு முன்னால் அந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

கண்டிச் சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பிரஜை என்பது முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே சட்டப் பிரிவு தோட்டத்து ராமசாமியிடம் வரும்போது மட்டும் சான்று கேட்டது.

அடுத்து 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இது கதவைத் திறக்கும் சட்டம் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது. கதவு திறக்குமுன் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதற்குள் அமைச்சரவையில் சேர்ந்துவிட்டிருந்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவரைவிட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இலங்கைத் தமிழ் அரசியலின் பெரும் பிளவு ஒன்று தோட்டத் தொழிலாளியின் குடியுரிமையை ஒட்டி ஏற்பட்டது என்பதை வடக்கிலும் கிழக்கிலும் இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

விண்ணப்பம் போட்டவரிடம் கேட்டவை

1949 சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். லண்டனில் கோடக்கன் பிள்ளை தோற்றதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

விண்ணப்பதாரர் 1946 ஜனவரி 1க்கு முன்பு, திருமணமானவராக இருந்தால் ஏழு ஆண்டுகளும் மற்றவராக இருந்தால் பத்து ஆண்டுகளும், அந்தத் தேதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒருமுறை வெளியே இருந்தாலும் வசிப்பு முறிந்ததாகக் கணக்கு. மனைவியும் வயதுக்கு வராத பிள்ளைகளும் இலங்கையிலேயே வசித்துவந்திருக்க வேண்டும். நிலையான வருமானம் காட்ட வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டே ஆண்டுக்குள், 1951 ஆகஸ்டுக்கு முன் செய்து முடிக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தோட்டத்துப் பெண்ணுக்குத் தாய்வீடு துறையூரிலோ நாமக்கல்லிலோ இருக்கலாம். போனவள் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து முடியிறக்கிக் காது குத்திய பின் திரும்பினால் பன்னிரண்டு மாதம் தாண்டிவிடும். அப்பன் நோயில் கிடந்தால், ஊரில் நிலத் தகராறு என்றால், கொடை வந்தால், ஒரு பயணம் நீளும். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு கூலித் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. இலங்கை அரசு தன் துறைகளில் வேலை செய்த இந்தியர்களை வெளியேற்றியதற்கான எதிர்வினை அது. 1942இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ஊருக்கு ஓடியவர்களும் உண்டு. இரண்டு அரசுகளின் சண்டையிலும் ஒரு உலகப் போரிலும் சிக்கிய பயணங்களைத்தான், 1951இல் ஒரு விசாரணை மேசையில் உட்கார்ந்து 'ஏன் திரும்பத் தாமதம்' என்று கேட்டார்கள்.

சான்று எங்கே? தோட்டத்தின் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில். அது துரையின் அலுவலகத்தில் இருந்தது. கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒரு தோட்டத்தில் ஒரு மாதிரியும் அடுத்த தோட்டத்தில் வேறு மாதிரியும் இருக்கும். ராமாயி, ராமாயம்மா, ராமாய் மூவரும் ஒருத்திதான் என்று மெய்ப்பிப்பது அவள் பொறுப்பு. ஒரு தோட்டத்தை மூடிவிட்டாலோ, பழைய பேரேடுகள் கறையானுக்கு இரையானாலோ, பத்தாண்டு வசிப்புக்கு ஆதாரம் கிடையாது. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தால் அன்றைய பேர் (வேலைநாள் பதிவு) போகும், சம்பளம் போகும்.

இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்க அழைத்தது. காலக்கெடு நெருங்கும்போது மனம் மாறி, விண்ணப்பிக்கச் சொன்னது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. மொத்தம் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் அதிகம். அதாவது ஏறத்தாழ அந்தச் சமூகமே 'நாங்கள் இங்கேதான் இருக்கப் போகிறோம்' என்று எழுத்தில் சொல்லிவிட்டது. 'இவர்களுக்கு மனம் எல்லாம் இந்தியாவில்' என்று கொழும்பு மேடைகளில் பேசியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. பத்தாண்டுக்கு மேல் இழுத்த பரிசீலனை முடிந்தபோது குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

லண்டன் சொன்னது

சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கான கவசம் என்று பேசப்பட்டது. ஒரு சமூகத்தவருக்கு, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்பது அதன் சாரம். கோடக்கன் பிள்ளை தரப்பின் வாதம் இதன் மீதுதான்: சட்டம் சமூகத்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும், விளைவு ஒரு சமூகத்தின் மீது மட்டும் விழுகிறது.

இலங்கை உயர் நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைத் தாண்டி விளைவைப் பார்க்க விரும்பவில்லை. பிரிவி கவுன்சில் ஓர் அடி கூடப் போனது. நேராகச் செய்ய முடியாததைச் சுற்றிவளைத்தும் செய்யக் கூடாது, அதனால் விளைவையும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் விசித்திரம்.

ஒரு நாடு தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது அதன் இயல்பான உரிமை. எழுத்தறிவு, சொத்து, பிறப்பு, வசிப்பு போன்ற அளவுகோல்களை அது வைக்கலாம். அந்த அளவுகோல்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் ஏழைகளையும் குடியேறிகளையும் மற்றவர்களைவிட அதிகமாக வெளியே நிறுத்தலாம். அப்படி நிறுத்தினாலும் அது ஒரு சமூகத்துக்கு இழைத்த பாகுபாடு ஆகாது. சமூகம் என்பது இனத்தாலோ மதத்தாலோ கட்டப்பட்டது, வறுமையாலோ எழுத்தறிவின்மையாலோ இடம்பெயரும் தன்மையாலோ அல்ல. தீர்ப்பின் தர்க்கம் இதுதான். கூடவே, 1949 சட்டத்தின் கீழ் இந்தியத் தமிழர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றுத் தம் சந்ததியையும் காத்துக்கொள்ளலாம். ஆகவே அவர்களை விலக்கிவைப்பது நாடாளுமன்றத்தின் நோக்கம் என்று சொல்ல முடியாது என்றது.

முதல் வாதத்தை நான் நேர்மையான தவறு என்று ஏற்கத் தயார். அந்தக் காலத்துச் சட்டச் சிந்தனை அவ்வளவுதான். ஆனால் ஒரு சமூகத்தை ஏழையாகவும் எழுத்தறிவற்றதாகவும் நாடோடியாகவும் ஆக்கியது நூறாண்டுக்கு மேல் நடந்த ஓர் ஆட்சியும் ஒரு தொழிலும் என்பதை அந்த நீதிபதிகள் தெரியாதவர்கள் அல்லர். கங்காணி முறையும் தோட்டமும் உருவாக்கிய குணங்களை அந்த மக்களின் சொந்தக் குணங்கள்போல எடுத்து வைத்து, இவை இனம் சார்ந்தவை அல்ல என்று தீர்ப்பு சொல்கிறது. இரண்டாவது வாதம் அதைவிட மோசம். கதவு இருக்கிறது என்று சொன்னவர்கள் அதன் வழியே எத்தனை பேர் போக முடிகிறது என்று பார்க்கவில்லை. 1953இல் விண்ணப்பங்கள் பெரும்பாலும் பரிசீலனையில்தான் கிடந்தன. ஆறில் ஒருவர்தான் உள்ளே போவார் என்பது பின்னால் தெரிந்தது. அப்போது வழக்கு முடிந்துவிட்டிருந்தது.

வாக்கு இல்லை, தலைக்கணக்கு உண்டு

1952 தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழர் ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகவில்லை. வாக்குரிமை கேட்டு அந்த ஆண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது, பலனில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. தொகுதிகள் அன்று பரப்பளவையும் மொத்த மக்கள்தொகையையும் வைத்துப் பிரிக்கப்பட்டன: 75 ஆயிரம் பேருக்கு ஓர் இடம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம். அந்தத் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வாக்கைப் பறித்த பிறகும் மலைநாட்டுத் தொகுதிகளின் எண்ணிக்கை குறையவில்லை. எஞ்சிய வாக்காளர்கள், அதாவது பெரும்பாலும் கண்டிச் சிங்களவர்கள், தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய உறுப்பினர்களை அனுப்பினார்கள். இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் உடல்கள் மற்றவர்களின் பிரதிநிதித்துவத்தைப் பெருக்கப் பயன்பட்டன. 1956 தேர்தலிலும் இதே கணக்குத்தான். அந்தத் தேர்தலில் அமைந்த நாடாளுமன்றம்தான், சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது.

வாக்கு இல்லாதவன் வீட்டுக்கு எந்த வேட்பாளரும் வருவதில்லை. அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி, குடியேற்றத் திட்டக் காணி, அரசு வேலை எல்லாம் பிரஜைக்கு உரியவை. தோட்டப் பள்ளிக்கூடங்கள் துரையின் தயவில் இருந்தன. அவற்றை அரசு எடுத்துக்கொள்ள 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது.

தலைக்கு இவ்வளவு என்று பங்கு

1964 அக்டோபர் 30. டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மிச்சத்தை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு, நான்கு பேர் இலங்கைக்கு என்ற விகிதம் நிர்வாகத்தின் மந்திரமானது.

சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது விண்ணப்பப் படிவங்களில் தெரிந்தது: இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் அதற்கு ஒதுக்கப்பட்ட இடங்களைவிட மிக அதிகம், இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. ஒரே லயனில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று வந்த குடும்பங்கள் உண்டு. போகிறவர்களை ஏற்றிய ரயில் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களைப் பற்றி மலையகத்தில் வயதானவர்கள் இன்றும் பேசுவார்கள்.

இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்களையும் விண்ணப்பிக்க வைத்தது பசி. 1973–74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அரிசி, மாவுப் பங்கீடு வெட்டப்பட்டது. கிராமத்தவனுக்கு மரவள்ளி போட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயனில் இருந்தவனுக்கு வாசல்கூட கம்பனியுடையது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அதே ஆண்டுகளில் தோட்டங்கள் தேசியமயமானபோது சில இடங்களில் தொழிலாளர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 1977 கலவரம் மிச்சத்தைச் செய்தது. இதையெல்லாம் 'தாயகம் திரும்புதல்' என்று ஆவணங்கள் எழுதின.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். பாட்டன்மார் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபம். குடும்ப அட்டையோடு ஏதாவது ஒரு மறுவாழ்வுத் திட்டம் ஒதுக்கப்படும். அதிகம் பேருக்குக் கிடைத்தது சில ஆயிரம் ரூபாய் வியாபாரக் கடன். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் மட்டுமே பழகியவர்களை, பார்த்தே இராத ஊரில் கடை வைக்கச் சொன்ன திட்டம் அது. கடன் தரகர்களிடம் போய்ச் சேர்ந்தது. குடும்பங்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறின. கொடைக்கானல் மலையில் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. உருப்படியாக நின்றது, இவர்களுக்காகவே தொடங்கப்பட்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அவர்களுக்குத் தெரிந்த வேலையே கிடைத்தது. அங்கும் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற சட்டம் கடல் தாண்டியும் அவர்களைத் துரத்தியது.

போர் மூண்டு 1984இல் கப்பல் நின்றது. அதுவரை வந்தவர்கள், இங்கே கணக்கில் சேர்ந்த பிள்ளைகள் எல்லாருமாகச் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர். இந்தியா ஏற்பதாகச் சொன்னது ஆறு லட்சம்.

சான்றின் சுமை இடம் மாறியபோது

இலங்கை நிறைவேற்றிய 1986, 1988 குடியுரிமைச் சட்டங்கள் பிரச்சினையின் பெரும்பகுதியைத் தளர்த்தின. 1986 ஜனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நடத்திய பிரார்த்தனைப் போராட்டம் அதற்குக் காரணம்: காலையில் வேலைக்கு இறங்காமல் தொழிலாளர்கள் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். தேயிலை ஒரு காலைப்பொழுது பறிக்கப்படாமல் நின்றால் கொழும்புக்குக் கேட்கும். நாற்பது ஆண்டு மனுக்களுக்குக் கேட்காதது அதற்குக் கேட்டது.

ஆனாலும் 2003 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாடற்றவர்களாகவே இருந்தார்கள் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் மதிப்பீடு. அந்த ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம் மிகச் சிறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் பிரஜைகள். அவ்வளவுதான். பூட்டன் இல்லை, செக்ரோல் இல்லை, நிலையான வருமானம் இல்லை. நாடற்றவராக இருந்தவர் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டு, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும். தோட்டங்களுக்கே முகாம்கள் போய் அமர்ந்தன. பத்து நாளில் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் குடியுரிமை பெற்றார்கள்.

1949 சட்டம் பத்தாண்டுக்கு மேல் உழைத்து உள்ளே விட்ட 1 லட்சத்து 34 ஆயிரத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்களிடம் எதுவும் மாறவில்லை என்பது புரியும். அதே தோட்டம், அதே லயன், அதே காகிதமின்மை. மாறியது யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பது மட்டும். சொன்னதை நம்புகிறேன், பொய் என்றால் நான் காட்டுகிறேன் என்று அரசு பொறுப்பை எடுத்துக்கொண்டது. குடியுரிமை, பங்கீட்டு அட்டை, கட்டுமானத் தொழிலாளர் வாரியப் பதிவு என்று எந்தத் திட்டத்திலும் புலம்பெயர் தொழிலாளி தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே என்பது என் கருத்து.

வாக்குரிமை வந்ததால் எல்லாம் வந்துவிடவில்லை. கிராமப்புற உள்ளாட்சி அமைப்புகளான பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகவே வாசிக்கப்பட்டது. சபைக்கு வாக்களித்தவர்கள் தங்கள் லயனுக்கு ஒரு ரோடு கேட்டால், அது கம்பனி நிலம் என்று பதில். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. நிலத்துக்கும் வீட்டுக்கும் உறுதிப் பத்திரம் என்ற கோரிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கரையில்

1958, 1977 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபோனவர்கள் அங்கே போரில் சிக்கினார்கள். படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியவர்; படகில் வந்ததால் அகதி. தமிழ்நாட்டு முகாம்களில் இப்படி வாழும் மலையக வம்சாவளியினர் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2009இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, போரால் இந்தியாவுக்குப் போனவர்களுக்கு நிரந்தர வசிப்பு நிபந்தனையைத் தளர்த்தியது. திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அது வழி. இங்கேயே முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் எடுத்தவர்களுக்கு அல்ல.

திருச்சி கொட்டப்பட்டு, மண்டையூர் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. இவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்கள். மற்ற அகதிகளோடு இவர்களைச் சேர்த்துப் பார்க்க முடியாது. புதிதாக விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு பதினாறு வாரத்துக்குள் பரிசீலிக்கட்டும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். உரிய பயண ஆவணங்கள் இல்லாமல் வந்தவர்கள், அதனால் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள் என்பது அரசின் வாதம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 2003இல் திருத்தப்பட்ட பிறகு, அந்த முத்திரை விழுந்தவரால் பதிவின் மூலமும் குடியுரிமை பெற முடியாது. நீண்டகால வசிப்பின் பேரில் இயல்புரிமையாகவும் பெற முடியாது. அதே 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவருக்கு அந்த முத்திரையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

முகாமில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்த தம்பிக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த தங்கைக்கு, ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. ஒரே அறையில் பிறந்த மூவருக்கு மூன்று சட்டம். இந்தச் சிக்கலை அவிழ்க்க டெல்லி புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2003இல் கொழும்பு செய்ததைப் போல, ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் வந்து பதிவு பெற்ற மலையக வம்சாவளியினரிடம் ஒரு பிரகடனத்தைப் பெற்றுக்கொண்டால் போதும். முகாம்களின் பதிவேடுகள் மாநில மறுவாழ்வுத் துறையிடம் பெயர், வயது, வந்த நாள் வாரியாக ஏற்கெனவே இருக்கின்றன.